ஓட்டையில்லாத தொட்டிகள்

பாலக்கரை, திருச்சி
டிசம்பர் முதல் வாரம், புதன்கிழமை

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் இன்றைக்கு நலம். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளை ரெஜிஸும், உன் வயிற்றில் ஏழு மாதமாக வளர்கிற எங்கள் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் மாலைச் செபத்தில் வேண்டிக்கொள்கிறோம். இன்றைக்கு நலம் என்று எழுதியதைப் பார்த்ததும் உனக்குத் துணுக்கென்றிருக்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், நான் இதை எழுதுகிற நேரத்தில் அடுப்படியில் இட்லிக்கு மாவு போட்டுவிட்டு, கிரைண்டர் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்தி ஜன்னல் வழியாகக் கீழ்வீட்டு ஆசீரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள். தினம் போனில் பேசுகிற அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. போனில் நான் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை, எனவே எழுதுகிறேன். நீ ஜனவரியில் அவளைப் பிரசவத்துக்கு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாய், அவளுக்கென்று ஒரு அறையும் தயார்செய்து போட்டோ அனுப்பியிருக்கிறாய், அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகஸ்ட்டில் அம்மா பிறந்தநாளுக்கு நீ அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பினாயே செடிகள், விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெட்டியைப் பிரித்தபோது அம்மா முகம் எப்படி இருந்தது என்று வீடியோவில் நீயே பார்த்தாய். பால் மாதிரி வெள்ளைப் பீங்கான் தொட்டிகள், விளிம்பில் பொன்னிறக் கோடு, ஒன்றில் மணி பிளான்ட், இரண்டில் கத்தியை நட்டுவைத்த மாதிரி நிற்கிற ஸ்நேக் பிளான்ட், ஒன்றில் வெள்ளைப் பூ விடுகிற பீஸ் லில்லி, இன்னும் பெயர் தெரியாத இரண்டு மூன்று. இதெல்லாம் காற்றைச் சுத்தம் பண்ணும்மா, உனக்கு வீசிங் இருக்கறதால நீ படுக்கற ரூம்லயே வச்சுக்க என்று நீ சொன்னாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், அதில் யாருக்கும் சந்தேகமில்லை, இந்தக் கடிதத்தில் எந்த இடத்திலும் நான் உன்னைக் குறை சொல்லவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள். அம்மா சொன்னபடியே செய்தாள். ஜன்னல் கட்டையில் இரண்டு, கண்ணாடி மேசையில் ஒன்று, மீதியெல்லாம் தன் தலைமாட்டு ஸ்டூலிலும் அலமாரி மேலும். காலைப் பூசைக்குப் போய்வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் விடுவாள். விட்டுக்கொண்டே இந்நேரம் ஜாஸ்லின் மத்தியானச் சாப்பாடு முடிச்சிருப்பா, இந்நேரம் மறுபடி வேலையில உட்கார்ந்திருப்பா என்று செடியிடமே பேசுவாள். கைலாசபுரம் பேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது பின்பக்கம் வாழையும் கனகாம்பரமும் வைத்து ஹோஸ் பைப்பைப் பிடித்துப் பழகிய கை அது. தரையில் விட்ட தண்ணீரைத் தரை குடித்துக்கொள்ளும். தொட்டியில் விட்ட தண்ணீர் எங்கே போகும் என்று அவளும் யோசிக்கவில்லை, இருபத்தைந்து வருடம் பேக்டரி டூல் ரூமில் வேலை பார்த்த நானும் அந்தத் தொட்டியின் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. இந்த வருடம் விட்டு விட்டுப் பெய்யாமல் மூட்டமாகவே நாள் கணக்கில் கிடந்தது, கொசுவுக்குப் பயந்து படுக்கையறை ஜன்னலைத் திறப்பதே இல்லை. செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்தன. வாடுகிறதே என்று அம்மா தண்ணீரைக் கூட்டினாள், சாயங்காலமும் ஒரு டம்ளர். மண்ணின் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்ததைப் பார்த்து, கடைக்காரன் போட்ட உரம் மேலே வருதுங்க என்றாள். கண்ணுக்கு முன்னால் பொடி ஈக்கள் பறந்தன. அறையில் சாக்கடை மாதிரி ஒரு நாற்றம், குளியலறையிலிருந்துதான் வருகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்கத் தரையை நோண்டவிட்டேன், அவர் எல்லாம் சரியா இருக்குங்க சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதற்கிடையில் அம்மாவுக்கு இருமல். முதலில் மழைக்காலச் சளி என்றோம். பிறகு மார்பில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும்தான் அதிகம், கோயிலுக்குப் போய்வந்தால் குறையும், மத்தியானம் சற்றுப் படுத்து எழுந்தால் மறுபடி வரும். எப்போதாவது எடுக்கிற இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தினம் எடுத்தாள். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், டாக்டர்கிட்ட போனா பிளேன்ல ஏறக்கூடாதும்பாரு, நான் என் மக பிரசவத்துக்குப் போகணும், சும்மா இருங்க என்று வாயை அடைத்துவிடுவாள். உன்னோடு வீடியோவில் பேசுவதற்கு முன்னால் இன்ஹேலர் எடுத்துவிட்டுத்தான் உட்காருவாள், அதனால்தான் உனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் தொடக்கம், கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் அது. மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது, மருந்துக்கடைக்குப் போய் நனைந்து வந்து கதவைத் திறக்கிறேன், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. படுக்கையறையில் அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மெத்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்க மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். என்ன ரோசம்மா என்றேன், ம் என்று சொல்லக்கூடக் காற்று இல்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. இன்ஹேலர் காலடியில் உருண்டு கிடந்தது, எடுத்துக் கொடுத்தால் உறிஞ்ச முடியவில்லை. ஜாஸ்லின், அவளோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் அவள் கண்ணில் பயத்தை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தேன். மாடிப்படியில் நின்று ஆசீரைக் கத்திக் கூப்பிட்டேன். நல்லவேளை, அவர் வேலை பார்க்கிற கல்லூரிக்கு மழை விடுமுறை, அவர் வீட்டில் இருந்தார். லுங்கியோடு ஓடிவந்து, சார் ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காது, தூக்குங்க என்று அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் படியில் இறக்கினார். அவருடைய காரில் பின்சீட்டில் அம்மாவைச் சாய்க்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். மேலப்புதூர் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர், போலீஸ்காரர் தடுப்பு போட்டுத் திருப்பிவிட்டார். சுற்றிக்கொண்டு போகிற வழியெல்லாம் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறையாக நின்றன. ஆசீர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, ஜன்னலை இறக்கி, ஆள் மூச்சு விட முடியாம இருக்காங்க, வழி விடுங்க வழி விடுங்க என்று மழையில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே ஓட்டினார். அம்மாவின் விசில் சத்தம் அதுவரை எனக்குப் பயமாக இருந்தது, பாதி வழியில் அந்தச் சத்தமும் நின்றுபோனது. அதுதான் ரொம்ப மோசமான அறிகுறி என்று பிறகு டாக்டர் சொன்னார். நான் அப்போது அது சரியாகிவிட்டது என்று நினைத்து ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சரில் போட்டு ஆக்ஸிஜன் வைத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மாதுரி என்று ஒரு இளம் டாக்டர், உன் வயதுதான் இருக்கும். வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தீங்கன்னா தொண்டைக்குள்ள குழாய் போட வேண்டியிருந்திருக்கும், இப்ப ஊசியும் நெபுலைசரும் வேலை செய்யுது, ஆனா நாளைக்கு வரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். அந்த நாளைக்கு வரைக்கும் என்பதை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத வேண்டாம். உன் நம்பரை எடுத்துப் பார்ப்பேன், மறுபடி சட்டைப்பையில் போடுவேன். மாசமாக இருக்கிற பெண்ணிடம் இதைச் சொல்லி அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பக்கம், சொல்லாமலிருந்து இங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பக்கம். மறுநாள் காலையில் முகமூடிக்குள்ளிருந்து அம்மா பேசிய முதல் வார்த்தை, ஜாஸ்லின்கிட்ட சொன்னீங்களா என்பதுதான். இல்லை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, போன்ல சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க என்றாள். பண்ணினேன். வார்டுக்கு மாற்றியதும் நீ வீடியோவில் கூப்பிட்டாய், அம்மா முகமூடியைக் கழற்றி, தலையை வாரி, கையில் குத்தியிருந்த ஊசியைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு பேசினாள். என்னம்மா சுவரு பச்சையா இருக்கு என்று நீ கேட்டாய், அப்பா புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காரு என்றாள். நீ சிரித்தாய். நான் கட்டிலுக்குப் பின்னால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாதுரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார், இவ்வளவு நாள் கட்டுக்குள்ள இருந்த ஆஸ்துமா திடீர்னு இப்படி வராதுங்க, வீட்ல புதுசா என்ன வந்திருக்கு, நாய் பூனை, புது மெத்தை, சுவத்துல ஈரம், பூசணம் ஏதாவது இருக்கா என்று. ஒன்றும் இல்லையே என்றோம் இரண்டு பேரும். செடி என்று எங்கள் வாயில் வரவே இல்லை, செடி நல்லதுதானே என்று மனது அதை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அதே அறையில் அதே கட்டிலில் படுக்கவைத்தேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆசீர் வீட்டம்மா லின்சி பாவம் உபகாரமாகத் தினம் வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் காலை மறுபடியும் அந்த விசில். மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறேன், குளிர்ந்தது எதுவும் தரவில்லை, பிறகு ஏன் என்று அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

அன்றைக்குத்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவதி டீச்சர் அம்மாவைப் பார்க்க வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவோடு ஒரே ஸ்கூலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அம்மா கணக்கு, அவர் தாவரவியல். படுக்கையறைக்குள் வந்தவர் வாசற்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். என்னடி ரோசா, ரூம் இப்படி நாறறது என்றார். பாத்ரூம் என்றாள் அம்மா. அவர் பாத்ரூம் பக்கம் போகவில்லை, நேரே தலைமாட்டு ஸ்டூலுக்குப் போய் பீஸ் லில்லித் தொட்டியைத் தூக்கினார். இதென்ன இந்தக் கனம் கனக்கறது என்று அதைச் சாய்த்து அடியைப் பார்த்தார். அடியில ஓட்டையே இல்லையேடி என்றார். இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் விளிம்பு வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொட்டியது, சாக்கடையேதான் ஜாஸ்லின், அறை முழுக்க அந்த நாற்றம் குப்பென்று பரவியது, அம்மாவுக்கு அடுத்த நிமிடம் இருமல் பிடித்துக்கொண்டது. அவளை ஹாலில் கொண்டுபோய் உட்காரவைத்து ஜன்னலையெல்லாம் திறந்தேன். டீச்சர் தொட்டிகளை ஒவ்வொன்றாக பால்கனிக்குக் கொண்டுபோய்ச் செடியைப் பிடித்து இழுத்தார், வேரோடு வரவேண்டியது வெறும் தண்டோடு வந்தது, வேர் பழுப்பு நிறத்தில் கூழாகிக் கையில் ஒட்டியது. மண்ணுக்குள் பாதிவரை தண்ணீர், மேலே பூசணம். வேருக்கும் காத்து வேணும் சார், இது தண்ணிக்குள்ள முங்கி மூச்சு முட்டிச் செத்திருக்கு, இந்தப் பூசணம் பக்கத்துல தலையை வச்சுண்டு இவ தூங்கியிருக்கா என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அத்தனை தொட்டியையும் சாக்கில் போட்டுக்கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றப் போனேன். ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்து வந்தவள், நாலு எட்டு வைத்தால் இளைப்பவள், அம்மா எழுந்துவந்து பால்கனிக் கதவை மறித்து நின்றுகொண்டாள். என் மக அனுப்புனது, தொடாதீங்க என்றாள். செத்துப்போயிருப்பே ரோசம்மா, இந்த மண்ணால செத்துப்போயிருப்பே என்று நான் கத்தினேன். அவளும் விடவில்லை, இதைத் தூக்கிப் போட்டுட்டு, அவ வீடியோல செடி எங்கம்மான்னு கேட்டா நான் என்ன சொல்வேன், நான் அனுப்புனதாலதான் உனக்கு இப்படி ஆச்சான்னு அந்தப் பிள்ளை அழுவாளே, வயித்துப்பிள்ளைக்காரி, அதை யார் தாங்குறது என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கி, கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சாக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற நெபுலைசர் ஒன்றை வீட்டுக்கும் வாங்கிவைத்திருந்தோம், அதை வைத்து அவள் மூச்சைச் சமனாக்கினேன். டீச்சர்தான் கடைசியில், பிலோமின் சார், செடி ஒண்ணும் பண்ணலை, தேங்கின தண்ணிதான் பண்ணித்து, பொழைக்கறதைப் பொழைக்க வைப்போம், ஆனா ஒண்ணும் இந்த ரூமுக்குள்ள வரப்படாது, சரியாடி ரோசா என்றார். அம்மா தலையை ஆட்டினாள்.

அழுகியதையும் பழைய மண் முழுவதையும் கட்டி அனுப்பினோம். தப்பியது ஒரு ஸ்நேக் பிளான்ட்டும், மணி பிளான்ட்டின் நல்ல கொடி இரண்டும்தான். தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டு நிரப்பினால் போதாதா என்று நான் கேட்டேன், டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை, வெளியேற வழி இல்லைன்னா கல்லு இருந்தாலும் தண்ணி உள்ளேயேதான் நிக்கும், வேர் இன்னும் மேலேயே முங்கிப்போகும் என்றார். அப்படியானால் ஓட்டைதான். டைல்ஸ் துளைக்கிற பிட் வாங்கிவந்து, தொட்டியைக் கவிழ்த்து, வழுக்காமலிருக்க டேப் ஒட்டி, டிரில்லிங் மெஷினை வைத்தேன். டூல் ரூமில் இரும்பைத் துளைத்த திமிரில் அழுத்திவிட்டேன், முதல் தொட்டி இரண்டாகப் பிளந்தது. அம்மா ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாவதில் நிதானித்து, துளைக்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே, மெஷினின் கனம் மட்டும் விழுகிறமாதிரி பிடித்தேன், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குச் சுத்தமாக வந்தது. மற்றத் தொட்டிகளைத் துளைக்க வேண்டாம் என்று டீச்சர் வேறு வழி சொன்னார். நர்சரியில் கிடைக்கிற ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதைப் பீங்கானுக்குள் இறக்கிவைத்துக்கொள்ளலாம், தண்ணீர் விடும்போது மட்டும் வெளியே எடுத்து, நன்றாக வடிந்த பிறகு உள்ளே வைக்க வேண்டும். செம்மண்ணும் மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்து நட்டோம். எல்லாம் இப்போது பால்கனியில் இருக்கின்றன. டம்ளர் கணக்கெல்லாம் போய்விட்டது, அம்மா மண்ணில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்க்கிறாள், உள்ளேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர், விட்டால் அடியில் வடிகிறவரை விடுகிறாள், தட்டில் சேர்ந்ததை உடனே கொட்டிவிடுகிறாள். படுக்கையறைச் சுவர், அலமாரி, ஜன்னல் கட்டை எல்லாவற்றையும் நானும் ஆசீரும் துடைத்துக் கழுவி, மெத்தையை மாடியில் வெயிலில் போட்டு எடுத்தோம். அதுவரை அம்மா ஹாலில்தான் படுத்தாள். அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் அவள் எழுந்து இருமாமல் செபம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன், எழுந்திருக்கவே மனமில்லை.

டாக்டர் மாதுரியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா இருந்திருக்கலாம், ஈரமும் பூசணமும் படுக்கற ரூம்ல ஆகவே ஆகாது என்றார். நேற்று மறுபடி போனோம், மூச்சின் பலம் பார்க்கிற குழலில் ஊதச் சொன்னார், அம்மா ஊதியதைப் பார்த்துவிட்டு அவரே கைதட்டினார். நியூசிலாந்து போகலாமா என்று அம்மா கேட்டாள், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. ஜனவரி வரைக்கும் இப்படியே இருந்தா போகலாம், தனியா மட்டும் போகக்கூடாது என்றார். ஆகவே நானும் வருகிறேன். வீட்டைப் பூட்டிப்போட்டு வரமாட்டேன் என்று நான் அடம்பிடித்தபோதும் மாப்பிள்ளை விடாமல் எனக்கும் சேர்த்து விசா எடுத்துவைத்தாரே, அவருக்கு என் நன்றியைச் சொல். சாவியை ஆசீரிடம் கொடுத்துவிடலாம்.

இப்போது நீ செய்யவேண்டியது. அம்மாவுக்கென்று நீ அனுப்பிய அறைப் போட்டோவில் கட்டிலைச் சுற்றி எத்தனை செடி என்று எண்ணிப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது, ஒன்றுக்கும் அடியில் தட்டு இல்லை. தயவுசெய்து மாப்பிள்ளையிடம் அத்தனையையும் அந்த அறையிலிருந்து எடுக்கச் சொல், ஒவ்வொன்றையும் தூக்கி அடியைப் பார்க்கச் சொல். நீ தொடாதே, மாப்பிள்ளை செய்யட்டும், திறந்த வெளியில், மூக்கை மூடிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு. மாசமாக இருக்கிற நீ அந்தப் பழைய மண்ணைக் கிளறக்கூடாது. உன் படுக்கையறையிலும் இருந்தால் அங்கேயும் பார். ஓட்டை இல்லாத தொட்டியில் இருக்கிற செடியை ஓட்டை போட்ட தொட்டிக்கு மாற்றிவிட்டு, வடிய வைத்துத் தண்ணீர் விடுங்கள். சமையலறை ஜன்னலில் ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும்.

வியாழன். நேற்று இதுவரை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பிவந்தால் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். சத்தியம் பண்ணினீங்களே என்றாள். போனில் என்றுதானே என்றேன். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள், நான் தனியாகச் சாப்பிட்டேன். இந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்றுகூட எடுத்தேன். வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, அனுப்புங்க என்றாள். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவகிட்ட பொய் சொல்லிச் சிரிச்சேன், அவ பிரசவ வலியில இருக்கும்போது என்கிட்ட நல்லாயிருக்கேம்மான்னு சிரிச்சா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன், மறைச்சு வைக்க நானே கத்துக்கொடுத்தமாதிரி ஆயிடும், அனுப்பிடுங்க என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். நான் போகவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே நீ இனி அம்மாவிடம் எதையும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியதில்லை. படித்துவிட்டு அழாமல் கூப்பிடு, அழுகை வந்தாலும் கூப்பிடு. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, ஆரோக்கிய மாதா உனக்குச் சுகப்பிரசவம் தருவாராக. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, காலில் வீக்கம் இருந்தால் அம்மாவிடம் மறைக்காமல் சொல். செடி ஒன்றையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் கொடு, குப்பையில் போடாதே என்கிறாள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா,
பிலோமின்ராஜ்